சண்டைக்காரி முக்கு

வரைபட அலுவலகத்தில், இடப்பெயர்ப் பிரிவில் அவளுக்கு வேலை. எந்தத் தெருவை, எந்த வளைவை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்களோ, அதை மக்களே கைபேசியில் எழுதி அனுப்பலாம். ஒரே இடத்துக்கு ஒரே பெயரைப் பலரும் அனுப்பினால், அவள் சரிபார்த்துப் பதிவில் ஏற்றுவாள். வெறும் 'குறுக்குத் தெரு' என்று மொட்டையாகக் கிடந்ததெல்லாம் 'அரைக்கதவுச் சந்து', 'தண்ணி தேங்குற வளைவு' என்று உயிர் பெற்றது இப்படித்தான்.

அன்று திரையில் வந்து நின்றது 'சண்டைக்காரி முக்கு'. சிரித்துக்கொண்டே இடத்தைப் பெரிதாக்கியவளுக்குப் பாதியிலேயே சிரிப்பு நின்றது. புள்ளி விழுந்திருந்தது அவள் வீட்டு வாசலில். யார் அந்தச் சண்டைக்காரி என்று விசாரிக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பெண்கள். அவளோ கல்யாணமாகி வந்த புதுசு; மிச்சம் மாமியார்தான்.

பெயரை அழித்துவிடலாமா என்று விரல் துறுதுறுத்தது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சொந்த வீடுன்னா நீங்க கை வைக்கக் கூடாதும்மா. எங்கிட்ட தள்ளுங்க. ஏன் அந்தப் பேருன்னு அனுப்பினவங்களையே கேட்டுப் பாக்கறேன்."

வீட்டில் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்றே?" என்றதும் மருமகள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மாமியாரின் கை நின்றது. "முக்குக்கு என் பேரா?" என்றாள். வாய் ஓயாத மனுஷி, மடித்து வைத்த துணியையே உதறி மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

சில நாளில் பதில்கள் வந்தன. மருமகள் அவற்றை வீட்டில் படித்துக் காட்டினாள். "அவங்க சத்தம் கேக்கலேன்னா எங்களுக்குப் பொழுதே விடியாது" என்று ஒருவர். இன்னொன்றை அவள் நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"அந்த முக்குல லாரி மோதி அடிபட்ட பொண்ணு நான்தான். மறுநாள் அந்தம்மா நடுரோட்டுல நாற்காலி போட்டு உக்காந்துட்டாங்க. வேகத்தடை போடுற வரைக்கும் எழுந்திரிக்கவே இல்ல. இது திட்டுறதுக்கு வெச்ச பேரு இல்ல."

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பேரை வெக்கலாமா அத்தை?"

"இருந்துட்டுப் போகட்டும். ஆனா எழுந்திரிக்கலேன்னு சொல்றது பொய்டி. அடுப்புல வெச்சது தீஞ்சிடும்னு உள்ள ஓடினேன். அந்த நேரம் உங்க மாமாதான் உக்காந்திருந்தார், கை காலெல்லாம் வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு. அதையும் எழுதச் சொல்லு."

"என்னை எதுக்கு இதுல இழுக்கறே?" என்றார், மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார்.

"நீங்களே எழுதி அனுப்பலாம் அத்தை. யாரு வேணும்னாலும் அனுப்பலாம்."

மாமியார் கைபேசியை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்ட ஆரம்பித்தாள். 'நடுங்கிக்கிட்டு' என்ற சொல்லை மட்டுமாவது எடுத்துவிடச் சொல்லி மாமனார் கெஞ்சிப் பார்த்தார். அவள் எடுக்கவில்லை.