ஒப்பூருக்கும் ஒரு சுவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில் நான் சென்னையில் நலவாழ்வியல் மேற்படிப்புப் பயின்றேன். ஆய்வுத் திட்ட வரைவு ஒன்றை எழுதிப் பேராசிரியரின் இசைவைப் பெற்ற பின்னரே தேர்வுக்கு அமரலாம். நான் தேர்ந்த பொருள் நரம்புச் சிலந்தி. பென்னாகரத்தை அடுத்த சிற்றூர்களில் அந்நோய் கோடைதோறும் வந்தது. நூல் போன்ற நீண்ட புழு காலைத் துளைத்து வெளிவரும். அதனைக் குச்சியில் சுற்றிச் சிறிது சிறிதாக இழுத்தெடுப்பர். உழவு தொடங்கும் பருவத்தில் வீட்டுக்கொருவர் காலை நீட்டிக் கிடப்பர்.

அங்குள்ளவை படிக்கிணறுகள். கடைசிப் படியில் நின்று காலைக் கழுவிய பின்னரே குடத்தை அமிழ்த்துவது வழக்கம். கழுவாத காலோடு நீர் முகப்பது அவர்களுக்கு அருவருப்பு. தூய்மை கருதிய அச்செயலாலேயே காற்புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் குடிநீரில் கலந்து, குடிப்போருக்கு நோயைப் பரப்பின. படிகளை அடைத்துச் சுற்றுச்சுவர் எழுப்பி ராட்டினம் பூட்டினால் நோய் குறையும் என்பது என் கருத்து.

“கருத்து இருக்கட்டும், மெய்ப்பிக்க வேண்டாமா?” என்றார் பேராசிரியர். ஓர் ஊரில் சுவர் எழுப்புவது, அதனை ஒத்த மற்றோர் ஊரை இருந்தவாறே விடுவது, சில கோடைகள் கழித்து இரண்டிலும் நோயுற்றோரை எண்ணுவது: இதுவே அவர் வகுத்த முறை. இரண்டாவது ஊருக்கு ‘ஒப்பூர்’ என்று நானே பெயரிட்டுக்கொண்டேன். வரைவைத் தட்டச்சுக்குக் கொடுக்குமுன் அவ்வூரை நேரில் காணச் சென்றேன்.

செய்தி எனக்கு முன்பே போயிருந்தது. புளியமரத்தடியில் கூடியிருந்தவர்களுள், காலில் குச்சி கட்டியிருந்த ஒரு மூதாட்டி முதலில் வாய் திறந்தார்.

“ஏனுங்க டாக்டரு, பக்கத்தூருக்குச் செவுரு கட்டறீங்களாமே. எங்களுக்கு என்னாங்க?”

“ஆண்டுதோறும் வந்து நோயாளிகளைக் கணக்கெடுப்பேன், அம்மா.”

“அவங்களுக்குச் செவுரு, எங்களுக்குக் கணக்கா? எங்க காலு எண்றதுக்குத்தான் ஆவுமாட்டம் இருக்குது!”

கூட்டம் சிரித்தது. ஊர்க்கவுண்டர் சிரிக்கவில்லை.

“எங்க பொண்ணுங்களை அந்தூர்லதான் குடுத்திருக்கறோம். சம்பந்தி வூட்டுக்கு நல்ல தண்ணி, பொண்ணு குடுத்த வூட்டுக்குச் செலந்தித் தண்ணியா? நல்லா இருக்குதுங்க உங்க படிப்பு.”

ஒப்பீட்டின் தேவையை இயன்றவரை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“சரிங்க. செவுத்துக்குக் கல்லு எங்கிருந்து வரும்?”

அருகிலிருந்த கரட்டை, அந்தப் பாறைக் குன்றைக் காட்டினேன்.

“அது எங்கூரு கரடுங்க,” என்றார். “ரெண்டூருக்கும்னா நாங்களே ஒடைச்சு வண்டியில ஏத்தறோம். ஒரூருக்குன்னா ஒரு சல்லியும் வராது.”

திரும்பும் வழியெல்லாம் வரைவைப் பற்றியே எண்ணினேன். மறுத்தால் ஓரூரிலும் சுவர் எழாது. இசைந்தால் ஒப்பூர் இல்லை. அறத்தை மட்டும் நோக்கி முடிவெடுத்தேன் என்று எழுதினால் அது மிகை, கல் அவர்களுடையது. ஆயினும் அம்மூதாட்டியின் காலைக் கண்ட பின், ‘இவ்வூர் இருந்தவாறே விடப்படும்’ என்னும் தொடரை எழுதக் கை வரவில்லை. ஈரூருக்கும் சுவர் எனவும், சுவருக்கு முந்திய கோடையும் பிந்திய கோடைகளும் ஒப்பிடப்படும் எனவும் திருத்தி எழுதினேன்.

பேராசிரியர் இருமுறை படித்தார். “நல்ல பணி, மெலிந்த ஆய்வு. தேர்வாளர் உம்மை விடமாட்டார்,” என்று கூறிக் கையொப்பமிட்டார்.

சுவர்கள் எழுந்தன. பின்வந்த கோடைகளில் ஈரூரிலும் நோய் குறைந்தது. அவ்வாண்டுகளில் மழையும் வழக்கத்துக்கு மாறாக மிகுதியாகப் பெய்திருந்தது; கிணறுகள் நிறைந்த ஆண்டுகளில் இந்நோய் தானே தணிவதும் உண்டு. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் நேராக அங்கேயே வந்தார்.

“குறைந்தது சுவராலா, மழையாலா?”

“பிரித்துக் கூற இயலாது, ஐயா. பிரித்துக் காட்டக்கூடிய ஊருக்கும் சுவர் கட்டிவிட்டோம்.”

ஆய்வேட்டின் முடிவுரையிலும் அதையே எழுதியிருந்தேன். அவர் அவ்வரியின் கீழ்க் கோடிட்டு, போதாது என்று குறித்தார். தேர்ச்சி மட்டும் தந்தார், சிறப்புத் தரவில்லை.