விழா மலர் விழுங்கிய ஓர் ஆண்டு

ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயக் குடியிருப்பில் பிறந்து, மிளகுக் கொடியின் வாடல் நோயை ஆராய்ந்து, வெளிநாட்டில் பரிசு வாங்கிய ஒரு பெண்ணுக்கு மாத்தளையில் பாராட்டு விழா எடுத்தார்கள். விழா மலருக்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதும் வேலை எனக்கு. தொலைபேசியில் பல மாலைகள் பேசினோம். உயர்தரப் பரீட்சையில் முதல் தடவை இரசாயனவியலில் சித்தியடையவில்லை என்று அவரே சொன்னார். ஓர் ஆண்டு கொழுந்து பறித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறார். எழுதிய ஆண்டுகள் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

அந்தப் பகுதியை எழுதும்போது என் மனதில் இருந்தவள் அலுவிகாரையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். அவளுக்கும் அதே பாடம்தான் போயிருந்தது. மறுபடி பரீட்சைக்கு விண்ணப்பிக்க, விழா வாரத்து வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவளுடைய அம்மாவோ கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை பேசி வைத்திருந்தார்.

மலர் வந்தது. 'முதல் தடவையிலேயே பல்கலைக்கழகம் புகுந்தவர்' என்று இருந்தது. விழாக் குழுத் தலைவரிடம் போனேன்.

"நல்ல நாள்ல எதுக்குண்ணே ஃபெயில் கத? லயத்துல குப்பி லாம்புல படிச்சாங்கன்னு போட்டிருக்கேன். அது போதும்."

"அவங்க படிக்கிறப்ப லயத்துக்குக் கரண்ட் வந்துருச்சு."

"லாம்புன்னாதான் ஆளுங்க கண்ணு கலங்கும். நீங்க திகதிய வச்சிக்கிட்டு என் உசிர வாங்காதீங்க."

பிறந்த ஆண்டும் பல்கலைக்கழகம் புகுந்த ஆண்டும் அதே பக்கத்தில் இருந்தன. நடுவில் ஓர் ஆண்டு இடிப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா மலரோடு வந்தார். "பாத்தீங்களாண்ணே, மூளை இருந்தா ஒரே தடவையில வந்துருது. எங்க புள்ளைக்கு அது இல்ல."

பிழையாகப் போட்டுவிட்டார்கள் என்றேன்.

"அச்சுல இருக்கே."

விஞ்ஞானிக்கு விஷயத்தை எழுதினேன். வியாழன் காலை அந்தப் பெண்ணுக்கென்று குரல்பதிவு ஒன்றை அனுப்பியிருந்தார். பக்கத்து வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டினேன்.

"தங்கச்சி, எனக்கும் கெமிஸ்ட்ரி போச்சு. கொழுந்துக் கூடையோட நின்னு அழுதிருக்கேன். திரும்ப எழுதித்தான் வந்தேன்."

அம்மா உருகிப் போனார். "எவ்வளவு பெருந்தன்மை பாருங்க. நம்ம புள்ள மனசு நோகக் கூடாதுன்னு இப்படிச் சொல்றாங்க."

"இன்னொருக்கா போடுங்க, மாமா" என்றாள் மகள்.

போட்டேன்.

"போதும், போய்த் துணிய மடி" என்றார் அம்மா.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் கண்டி பஸ் ஏறினார்கள். விண்ணப்பம் அன்றோடு முடிந்தது. மிஞ்சிய மலர்களை விழாக் குழு இப்போது பாடசாலைகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.