புறா வீடியோ

அம்மாவின் தம்பியான என் மாமா நிக்கோபார் தீவில் மின்வேலை பார்த்துவந்தார். விடுமுறைக்கு வந்தால் பெரியவர்களுக்குச் சாமான்கள், எனக்குக் கதை. எனக்கு எட்டு வயதான வருடம் அவர் கொண்டுவந்தது ஒரு புறாவின் கதை.

"அது நெல்லு கொத்தாது மக்கா. பழம் மட்டும்தான். தலையளவு பழத்த முழுசா முழுங்கும்."

"தொண்டையில சிக்காதா?"

"ரப்பர் வாயாக்கும்! கொட்டை கேடில்லாம வெளிய வரும். அடுத்த தீவுல பறந்துபோய் இட்டா, அங்க மரம் முளைக்கும்."

நான் நம்பவில்லை. செல்போனில் சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோ காட்டினார். சாம்பல் தலை, பச்சை முதுகு. காட்டு ஜாதிக்காய் ஒன்றை விழுங்கிவிட்டு, கல்யாணச் சாப்பாடு முடித்த பெரியவரைப் போல அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குன்னத்துகால் என்ற ஊரில் மாமாவுக்குப் பெண் பார்க்கப் போனோம். பேசி முடிவு செய்தது எல்லாம் அம்மாதான். குழந்தை எதற்கு என்று அம்மா என்னைத் தடுத்தபோது, "அவ வந்தா நானும் வாறேன்" என்று மாமா பிடிவாதம் பிடித்தார். காரிலிருந்து இறங்கும்போது போனை என் கையில் திணித்தார்.

"எல்லாரும் சும்மா இருக்கும்போ புறாவக் காட்டு. சவுண்டு கூட்டி வை."

நாங்கள் பார்க்க வந்த அக்கா சாயா வைத்துவிட்டு நின்றார். யாரும் பேசவில்லை. அவருடைய அப்பாதான் கேட்டார்: "தீவுல என்ன உண்டு?"

"புறா உண்டு!" என்று நான் குதித்தெழுந்தேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். புறா வாயைப் பிளந்தது. போனிலிருந்து ஒரு பெண் சிரித்தாள்.

"ஒத்த முட்டைதான் இடும். நீங்க லீவு முடிஞ்சு வரும்போ குஞ்சு இருக்கும். இந்தத் தடவ நம்ம காரியத்த வீட்டுல சொல்லிட்டுத்தான் வரணும், கேட்டுதா?"

அம்மாவின் கையில் சாயா அப்படியே நின்றது. அக்காவின் அப்பா நேந்திரங்காய் உப்பேரித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதலில் சிரித்தது அந்த அக்காதான். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். உள்ளேயிருந்தும் சிரிப்பு கேட்டது.

திரும்பும் வழியில் பாறசாலை வரும்வரை அம்மா மாமாவைத் திட்டினார். "எலே, வாயத் தொறந்து சொன்னா என்னலே?" மாமா தலையைத் தொங்கப்போட்டிருந்தார். நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். அதன்பின் யார் போனையும் தொடவில்லை.

ஆறு மாதம் கழித்து அந்தக் குரலுக்குரியவர் எங்களுக்கு மாமியாக வந்தார். கல்யாணப் பந்தலில் எல்லோரையும் விட்டுவிட்டு முதலில் என்னைத்தான் தூக்கி முத்தமிட்டார். தன் ரகசியத்தை ஊரறியச் செய்தவளையும் மன்னித்துவிட்டாரே, எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.