பிளாக்குக்கு நடந்த அபிஷேகம்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் குவார்ட்டர்ஸ் கார் ஷெட்டில் ஒரு என்ஜினைக் கொன்றோம். 'கொன்றார்' என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நானும் அங்கே நின்றேனே!

எதிர் குவார்ட்டர்ஸ்காரர் சோமசுந்தரம். நிலக்கரி மைன்ஸில் பெரிய அதிகாரி. அவருடைய பழைய கார் ஓடிய நாளைவிட நின்ற நாள் அதிகம். இந்த முறை என்ஜினின் உடலான பிளாக்குக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் எரிந்து, ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் விடலாமே என்கிறீர்களா? விடுவாரா மனுஷன்... கான்ட்ராக்ட் ஆள் எதற்கு இருக்கிறான்!

அந்த ஆள் ஏழுமலை. பக்கத்திலுள்ள வடக்குத்து கிராமத்துக்காரன். ஆறு வருஷமாக மைன்ஸில் கான்ட்ராக்ட் மெக்கானிக். "பர்மனென்ட் லிஸ்ட்டுக்கு உன் பேரை எழுதி அனுப்பறேன்" என்று சோமசுந்தரம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக லீவு நாளில் விடிந்ததும் சைக்கிளில் வந்துவிட்டான். கூலிப் பேச்சே இல்லை.

வேலை என்றால் அது வேலை. ஹெட்டைக் கழற்றி, சிலிண்டர் வாய்களில் துணி அடைத்து, பிளாக்கின் மேல்முகத்தில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினான். மட்டம் பார்க்க ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தான். கடைசியில் போல்ட் இறங்கும் குழிகள். ஒவ்வொன்றிலும் சைக்கிள் பம்பால் காற்றடித்து, துணித் திரியை விட்டுத் துடைத்தான்.

"குழிக்கு எதுக்குப்பா இவ்வளவு உபசாரம்?" என்றேன்.

"அடி மூடின குழி சார். உள்ள தண்ணி நின்னுச்சுன்னா போல்ட்டு எறங்கச்சொல்ல அது எங்க போவும்? பிளாக்கப் பொளந்துக்கினு வந்துடும்."

பிறகு எல்லாவற்றையும் வெள்ளைத் துணியால் மூடி, "யாரும் தொடாதீங்க சார்" என்று சொல்லிவிட்டு, போல்ட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்ச் இரவல் வாங்க வடலூருக்குப் போனான்.

அவன் தலை மறைந்ததும் சோமசுந்தரம் பூஜைத் தட்டோடு வந்தார். புதுக் கேஸ்கெட் போடும் முன் பூஜை போட வேண்டுமாம். போடட்டும். சாமியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பானெட்டுக்கு வெளியே இடமே இல்லையா? துணியை விலக்கி, வழித்துத் துடைத்த இரும்பில் சந்தனம், குங்குமம். தேங்காயை பம்பரில் உடைத்து, அந்தத் தண்ணீரை பிளாக்கின் தலையிலேயே ஊற்றினார். அபிஷேகம்! தண்ணீர் ஓரத்துக் குழிகளில் இறங்கியதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஒரு தேங்காய் மூடி எனக்குக் கிடைத்தது.

ஏழுமலை நாலு மணிக்குத் திரும்பினான். பார்த்தவன் முகம் செத்துவிட்டது.

"இன்னா சார் இது! தண்ணி கிண்ணி ஊத்துனீங்களா?"

"லேசாத் தெளிச்சேன். நாலரைக்கு ராகுகாலம். சீக்கிரம் ஹெட்டை ஏத்து."

"அர மணி வுடுங்க சார். குழியெல்லாம் மறுபடி தொடச்சிட்டு..."

"அதிகாரி சொன்னா எதிர்த்துப் பேசறவன் பேரை லிஸ்ட்டில எப்படிய்யா எழுதறது?"

ஏழுமலை என் பக்கம் திரும்பினான். "நீங்க இங்கதான இருந்தீங்க சார்? குழிக்குள்ள தண்ணி போச்சா?"

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை... 'போச்சு'. ஆனால் பெரிய குவார்ட்டர்ஸ் கேட்டு நான் போட்ட மனு அந்தச் சோமசுந்தரத்தின் சிபாரிசுக்குக் காத்திருக்கிறது.

"கவனிக்கலையேப்பா" என்றேன்.

அவசர அவசரமாக மேல்முகத்தைத் துடைத்தான். மூன்று குழிகளுக்குப் பம்பு அடிப்பதற்குள், "மணி என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஒரு அதட்டல். கேஸ்கெட் உட்கார்ந்தது. ஹெட் ஏறியது. நடுவிலிருந்து முறைப்படி போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டே வந்தான். கோடியில் இருந்த போல்ட்டுக்கு வந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். பிளாக்கின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு விரிசல்.

 உடனே சோமசுந்தரம் வாயைத் திறந்தார். "இதுக்குத்தான் கான்ட்ராக்ட் ஆளுங்களை நம்பக் கூடாதுங்கறது! இவன் பேரை எழுதியிருந்தா என் மானம் போயிருக்கும்."

ஏழுமலை அந்தப் போல்ட்டைக் கழற்றினான். திரியைக் குழிக்குள் விட்டு எடுத்து முகர்ந்து பார்த்தான். அதை அதிகாரியிடம் நீட்டவில்லை. என்னிடம் நீட்டினான்.

"மோந்து பாருங்க சார்."

தேங்காய்த் தண்ணீர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் ரெஞ்சைத் துடைத்துத் துணியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

அதிகாரிகளின் முட்டாள்தனத்தைப் பற்றி வாராவாரம் இந்தப் பக்கத்தில் கிழிகிழி என்று கிழிக்கிறேன். நீங்களும் 'பலே, என்ன தைரியம்!' என்று கடிதம் போடுகிறீர்கள். தைரியமாவது, மண்ணாவது! வடக்குத்துக்குப் போய் அவன் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேனா? இன்றுவரை இல்லை.

மறுநாள் காலை எங்கள் வீட்டில் இட்லிக்கு அந்தத் தேங்காய் மூடியில் அரைத்த சட்னி. அதற்கு மட்டும் வாயைத் திறந்தேன்.