மாவடு ஜாடியில் இருந்த கிருமி

எங்கள் பள்ளியின் மதிய உணவுச் சமையலுக்கு அந்தோணியம்மாள் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. சேரியிலிருந்து வருகிறவர் என்பதால், அவரை அனுப்பிவிடக் கமிட்டித் தலைவர் காரணம் தேடிக்கொண்டே இருந்தார்.

இன்று கிடைத்துவிட்டது. அந்தோணியம்மாள் உப்பில் ஊறப்போட்ட மாவடுவைத் திறந்தால், மேலே நுரை.

"கிருமி வந்துருச்சு வாத்தியாரே. கண்டவ கை பட்டா இப்படித்தான். இன்னையோட நிப்பாட்டுங்க" என்றார் தலைவர் என்னிடம்.

அந்தோணியம்மாள் ஜாடியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

அரிமளத்திலிருந்து சமையலைச் சோதிக்க வந்திருந்த சுகாதார இன்ஸ்பெக்டர் ஒரு வடுவை எடுத்துக் கடித்தார்.

"கிருமி இருக்கத்தாங்க செய்யும். இது நல்ல கிருமி. புளிப்பாக்கிக் கெடாமப் பாத்துக்கிறதும் அதுதான். வயித்துக்கு நல்ல சத்தும் உண்டாக்குது."

"அது எங்க இருந்து வந்துச்சாம்?" என்றார் தலைவர்.

"மாங்காத் தோல்லயே இருக்குங்க."

அந்தோணியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாங்கா தலைவர் ஐயா தோப்புலதாங்க பறிச்சது."

தலைவர் துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார். பிள்ளைகள் இரண்டாம் முறையும் வடு கேட்டார்கள். அந்தோணியம்மாள் நாளைக்கும் வருகிறார்.

படிப்பகச் சுவரில் இதை ஒட்டியிருக்கிறேன். உங்கள் ஊர்த் தோப்புக் கிருமி என்ன சாதி என்று தெரிந்தவர்கள், கீழே எழுதிவிட்டுப் போங்கள்.