விளம்பரப் பலகையில் ஏனக்கா

எங்கள் கூரியர் அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஏனக்கா என்றுதான் கூப்பிடுவோம். பார்சல் தாமதமாக வந்தால் ஏன், வண்டி ஊரைச் சுற்றிக்கொண்டு போனால் ஏன், விடுமுறை கேட்டவர்களில் ஒரே ஆளுக்கு மட்டும் எப்போதும் இல்லை என்றால் ஏன். பதில் வரும்வரை இடத்தைவிட்டு நகரமாட்டாள். மாலை ஷிஃப்டில் பார்சல் பிரிக்கும் பகுதி முழுவதும் அவள் பொறுப்பு. கன்வேயர் பெல்ட் இரைச்சலைத் தாண்டி அவள் குரல் கேட்கும். நான் அடுத்த மேஜை. எந்த வண்டி எந்த வழியில் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிறவள்.

அவளிடம் வேலை பழகியவர்களே எம்.பி.ஏ. முடித்துவிட்டு அவளுக்கு மேலாளர்களாக வந்து உட்கார்ந்தார்கள். கடைசியாக, வெளியிலிருந்து வந்தவர், பெல்ட்டை நிறுத்த எந்த பட்டனை அழுத்துவது என்று அவளிடம்தான் கேட்டார். வருடக் கடைசியில் அதே ஆள் அவளைப் பற்றி 'தலைமைப் பண்பு போதாது' என்று எழுதிவைத்தார். பதவி உயர்வு போயிற்று. ஏன் என்று கேட்கப் போனவளிடம் பணியாளர் பிரிவில், "மேனேஜ்மென்ட் டிகிரி இல்லையேம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள்.

"சரி, வாங்கிட்டு வரேன்" என்றாள். கடைக்குப் போய் சோப்பு வாங்கிவருவதுபோல.

மறுநாளே எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் கோச்சிங் சென்டருக்குப் போனாள். என்னையும் துணைக்கு அழைத்துப் போனாள். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, சுவர் முழுக்கச் சிரிக்கும் முகங்கள். ஆலோசகர் என்று ஒரு பெண். அக்காவின் வயதைக் கேட்டாள், குழந்தை உண்டா என்று கேட்டாள், கல்லூரியை விட்டு எத்தனை வருடம் என்று கேட்டாள். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். சீட் கம்மி. ரிசல்ட் கொடுக்கறவங்களாப் பார்த்துதான் எடுக்கறோம். உங்களுக்கு இந்த டேட்டா இன்டர்பிரட்டேஷன், ரீசனிங் எல்லாம் இனிமே வர்றது கஷ்டம். வேணும்னா ஃப்ரீயா ஒரு மாக் டெஸ்ட் எழுதிப் பாருங்க."

"எழுதிப் பார்க்காமலே வராதுன்னு எப்படிச் சொல்றீங்க? ஏன்?"

அந்தப் பெண் கணினிப் பக்கம் திரும்பினாள். இலவச மாதிரித் தேர்வுக்குப் பதிய வேண்டும் என்று கேமராவைத் திருப்பி அக்காவை ஒரு படம் எடுத்தாள். அவ்வளவுதான். அந்தச் சென்டருக்கும் அக்காவுக்கும் இருந்த உறவு அந்த ஒரு படமும் அந்த ஒரு தேர்வும்தான்.

அந்த மாதிரித் தேர்வில் மண்ணைக் கவ்வினாள். கணக்கில் தேறிவிட்டாள், மொழிப் பகுதியில் தப்பித்துவிட்டாள். தரவும் தர்க்கமும் வரும் பகுதியில்தான் சறுக்கல். முதல் கேள்விச் செட்டிலேயே எட்டு பேரை வட்ட மேஜையில் உட்காரவைக்கச் சொன்னார்கள். ஏழு பேர் உட்கார்ந்துவிட்டார்கள், எட்டாவது ஆளுக்கு இடமில்லை. ஏன் இடமில்லை என்று இவள் விடாமல் குடைந்துகொண்டிருந்தபோது நேரம் முடிந்துவிட்டது.

அவளைத் தூக்கி நிறுத்தியது அவளுடைய நாத்தனார். கணவனின் தங்கை, தையல்காரி. மணவாழ்க்கை ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்து, முன்னறையில் மெஷின் போட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவள். வாய் மட்டும் நீளம். துணி வெட்டுகிற பெரிய மேஜையில் ஒரு பக்கத்தை அண்ணிக்கு ஒதுக்கிக் கொடுத்தாள். காலையில் அக்காவின் பிள்ளை பள்ளிக்குப் போனதும் இருவரும் உட்காருவார்கள். ஷிஃப்டுக்கு முன்னால் சில நாள் நானும் போவேன்.

அந்த எட்டு பேருக்கு நாத்தனார் எட்டு பட்டன்களை எடுத்து வைத்தாள். சிவப்பு வக்கீல், கருப்பு டாக்டர், ஓட்டை பெரிதாக இருந்த வெள்ளை பட்டன் பாடகி. 'வக்கீலுக்கு எதிரே டாக்டர் இல்லை, பாடகிக்கு இடப்பக்கம் மூன்றாவதாகக் கட்டடக் கலைஞர்' என்று ஒவ்வொரு வரியாகப் படிப்பாள், அக்கா பட்டனை நகர்த்துவாள்.

"என்ன ஜென்மங்க அண்ணி இதுங்க? சாப்பிட வந்தா பேசாம உக்கார மாட்டாங்களா? இவன் பக்கத்துல உக்கார மாட்டேன், அவ எதிர்ல உக்கார மாட்டேன். நம்ம சொந்தக்காரங்க தேவல."

சிரித்துக்கொண்டே போட்டால் விடை வந்தது. ஆனால் நேரம்தான் இழுத்தது. ஒரு நாள் அக்கா அட்டவணை ஒன்றோடு மல்லுக்கு நின்றாள். ஐந்து கடைகள், நான்கு காலாண்டுகள், பாதிக் கட்டங்கள் காலி. தலையைப் பிய்த்துக்கொண்டவளிடம் நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"அண்ணி, இதைத் தூக்கிப் போடுங்க."

"ஏன்? பாதி வந்துடுச்சே!"

"பாதி வந்தா என்ன? வர்ற துணியெல்லாம் நான் வாங்கறேனா? தொட்டுப் பார்த்ததும் தெரியும், இது வேலை வாங்கும், கூலி தேறாதுன்னு. சிரிச்சுக்கிட்டே திருப்பி அனுப்பிடுவேன். நீங்க எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கறீங்க."

ஏனக்காவுக்கு அதுதான் கசந்த மருந்து. ஒரு கேள்வியை விடையில்லாமல் விட்டுப் போவது அவள் பிறவிக் குணத்துக்கே எதிரானது. அன்றிலிருந்து முதலில் எல்லா செட்டுகளையும் மேலோட்டமாகப் படிப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வது, பிறகே பென்சிலைத் தொடுவது என்று பழகினாள். நாத்தனார் கைபேசியில் நேரம் பார்ப்பாள். அண்ணி பிடிவாதம் பிடித்தால் அளவு நாடாவால் கையில் ஒன்று போடுவாள். அலுவலகத்தில் நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் வண்டிகளையும் வழிகளையும் ஓட்டுநர்களின் சண்டைகளையும் வைத்து புதிர் கட்டிக் கொடுப்பேன். 'நீல வண்டி ஓட்டுகிறவர் பாலம் வழியாகப் போகமாட்டார்' என்று நான் எழுதியதைப் பார்த்து நீல வண்டிக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்த வருடம் நுழைவுத் தேர்வு எழுதினாள். அவளுக்கு எமனாக இருந்த அந்தப் பகுதியில்தான் அதிக மதிப்பெண். நூறு பேர் எழுதினால் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேலே நிற்கிற இடம். நல்ல கல்லூரி ஒன்றில் இடமும் கிடைத்தது. அலுவலகத்தில் கைதட்டினோம். பெல்ட் பட்டன் கேட்ட மேலாளர் மட்டும் அவசரமாகக் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அப்புறம்தான் அந்தப் பலகை வந்தது.

நான்தான் முதலில் பார்த்தேன். நான்கு சாலைகள் சேரும் இடத்தில், மூன்று மாடி உயரத்தில், ஏனக்காவின் முகம். பதிவு செய்தபோது எடுத்த அதே படம். தலையில் கருப்புப் பட்டதாரித் தொப்பி, கணினியில் ஒட்டியது, ஒரு காதை மறைத்துக்கொண்டு. கீழே பெரிய எழுத்தில்: 'இந்த சென்டர் இல்லையென்றால் நான் இல்லை!'

அவளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். நான் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே கொண்டாட்டம். அவளுடைய மாமனார் ஆட்டோ பிடித்துப் போய், பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்து, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டிருந்தார். "நம்ம வீட்டு மருமக, அதுவும் மெயின் ரோட்டுல!" லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை செய்யும் கணவரும், "விடும்மா, நல்லதுதானே சொல்லியிருக்காங்க" என்றார்.

நாத்தனார் மட்டும் கைபேசித் திரையை விரலால் பெரிதாக்கி அந்த வாசகத்தைப் படித்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப நான் யாரு அண்ணி?"

மெஷினில் போய் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினாள். அக்காவின் முகம் சிவந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

மறுநாள் அக்காவும் நானும் சென்டரின் இயக்குநரைப் பார்த்தோம். காபி வரவழைத்தார், உட்காரச் சொன்னார், குழைந்து குழைந்து பேசினார்.

"நீங்க எங்க டெஸ்ட் எழுதியிருக்கீங்களே மேடம். பதிவு பண்ணும்போது எல்லாத்துக்கும் சம்மதம்னு ஒரு கட்டத்துல டிக் பண்ணியிருப்பீங்க. அப்ப எங்க மாணவிதானே?"

"உங்க வாசல்லேருந்தே திருப்பி அனுப்பினீங்க. வராதுன்னு சொன்னீங்க."

"அதுதான் உங்களுக்கு ரோஷத்தைக் கொடுத்தது, பாருங்க! அதுவும் ஒரு வகையில எங்க பயிற்சிதான்." சொல்லிவிட்டு அவரே ரசித்துச் சிரித்தார். "உங்களுக்கு என்ன நஷ்டம்? ஓசியில விளம்பரம்."

"நான் சொல்லாததை என் வாயில வெச்சிருக்கீங்க. இறக்குங்க."

"பார்க்கலாம் மேடம்."

அந்தப் 'பார்க்கலாம்' நகரவே இல்லை. அக்கா போன் செய்தாள், எழுதினாள், நேரில் போனாள். முகங்கள் மாறின, பதில் மாறவில்லை. கடைசியில் பெற்றோருக்கான இலவசக் கருத்தரங்கு ஒன்றை நடத்துகிறார்கள் என்று தெரிந்து, அக்கா, நாத்தனார், நான் மூவரும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம்.

மேடையில் இயக்குநர். திரையில் இரண்டு தூண்கள். போன வருட வெற்றி முழங்கால் உயரம், இந்த வருட வெற்றி ஆள் உயரம். அரங்கம் 'ஓ' என்றது. அக்கா கை தூக்கினாள். ஒலிவாங்கியை நீட்டினார்கள், யாரென்று தெரியாமல்.

"சார், அந்தத் தூணுக்கு மேல தொண்ணூத்தொண்ணு, இதுக்கு மேல தொண்ணூத்துநாலுன்னு போட்டிருக்கு. வித்தியாசம் மூணுதான். அது எப்படி நாலு மடங்கு உயரமா தெரியுது? ஏன் கீழ பூஜ்யத்துல ஆரம்பிக்காம தொண்ணூறுல ஆரம்பிச்சிருக்கீங்க?"

"அது... பார்க்கறதுக்குத் தெளிவா இருக்கறதுக்காக மேடம்."

"சரி. ஜெயிச்சவங்கன்னு சொல்ற இந்த ஆளுங்கள்ல, உங்க கிளாஸ்ல உக்காந்து படிச்சவங்க எத்தனை பேர், ஒரே ஒரு ஃப்ரீ டெஸ்ட் மட்டும் எழுதினவங்க எத்தனை பேர்?"

இயக்குநர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. "கேள்வி நேரம் கடைசியில" என்று சொல்வதற்குள் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடுங்க வந்தார். அக்கா விடவில்லை.

"ரோட்டுல தொங்கறது என் மூஞ்சி. இவங்க என்னைச் சேர்த்துக்கவே இல்ல. எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதோ, என் நாத்தனார். நான் சொல்லாத வார்த்தையை நான் சொன்னதா எழுதியிருக்காங்க. நீங்க உங்க பிள்ளைங்களை எங்க வேணும்னாலும் சேர்த்துவிடுங்க. அந்த மூஞ்சிங்களைப் பார்த்துச் சேர்க்காதீங்க."

எங்களை மரியாதையாக வெளியே அழைத்துப் போனார்கள். மரியாதை என்றால், முழங்கையைப் பிடித்த மரியாதை. கதவு மூடுவதற்குள் உள்ளே யாரோ ஒரு தகப்பன், "அவங்க கேட்டதுக்கு பதில் சொல்லுங்க சார்" என்று கத்தியது கேட்டது. அரங்கம் காலியாகிவிடவில்லை. பெரும்பாலோர் உட்கார்ந்தே இருந்தார்கள். படி இறங்கும்போது நாத்தனார் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "எல்லாரும் என்னையே பார்த்தாங்க அண்ணி. நல்ல புடவையாவது கட்டிட்டு வந்திருப்பேன், முன்னாடியே சொல்லக்கூடாது?" என்றாள்.

அந்த வாரமே பலகையில் அக்காவின் முகம் போனது. அந்த இடத்தில் வேறொரு முகம் வந்தது. வாசகம் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அக்கா நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனாள். இதற்குள் கல்லூரியில் சேர்ந்துவிட்டிருந்தாள். அங்கே கூடப் படிக்கும் ஒருவன், தன் முகம் மூன்று சென்டர்களின் விளம்பரத்தில் இருப்பதாகவும், அதில் ஒன்று எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தனக்குத் தெரியாது என்றும் சொல்லிச் சிரித்தானாம். அவனைச் சிரிக்க விடாமல் கையோடு அழைத்துப்போய்ப் புகாரில் கையெழுத்துப் போடவைத்தாள். அவனைப்போல இன்னும் சிலரையும் தேடிப் பிடித்தாள். வாய்தா மேல் வாய்தா. சென்டரின் வக்கீல் வராத நாட்களே அதிகம். கடைசியில், அவள் தங்கள் மாணவி அல்ல என்று சென்டர் நாளிதழில் மறுப்பு வெளியிட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

வெளியிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் விளம்பரத்துக்குக் கீழே, தீப்பெட்டி அளவில். அதே நாளிதழின் முதல் பக்கம் முழுக்க அதே சென்டரின் புதிய வருட விளம்பரம், சிரிக்கும் முகங்களோடு.

அன்று நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். நாத்தனார் மறுப்பைக் கத்தரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். "உங்க பேரையே தப்பா அடிச்சிருக்கானுங்க அண்ணி" என்றாள்.

அக்கா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். மேஜையில் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டு, முதல் பக்கத்தை விரித்தாள். ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"இதுல யார் யார் நிஜமா அங்க படிச்சாங்கன்னு சென்டருக்குக் கேட்டு எழுதப்போறேன். நீ ஒவ்வொரு பேரா படிச்சுச் சொல்லு, நான் எழுதறேன்."

நாத்தனார் மெஷினை மூடிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.