கூரை ஏசிக்கு என் மனைவி வைத்த பரீட்சை

பணி ஓய்வு பெற்ற ஆறாவது மாதம் நான் ஒரு பழைய மினி பஸ்ஸை வாங்கி, உள்ளே கட்டிலும் கரண்ட் அடுப்பும் வைத்து, கூரையில் ஒரு ஏசியையும் பொருத்திவிட்டேன். ஊர் ஊராகச் சுற்ற வேண்டும், ராத்திரி எங்கே வண்டி நிற்கிறதோ அங்கே தூங்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. மனைவியிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வண்டி வந்திருக்காது.

மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்குள் அது நுழைந்த அன்று அவள் கீழே இறங்கி வந்து வண்டியை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

"ஏன்னா, கத்திரி வெயில்ல ஒரு மத்தியானம் இதுக்குள்ள நான் ஒரு மணி நேரம் படுத்துப் பாக்கறேன். தூக்கம் வந்துடுத்துன்னா நீங்க சொல்ற ஊருக்கெல்லாம் வரேன். வரலைன்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள இது இந்தத் தெருவை விட்டுப் போயாகணும்."

பேரமே கிடையாது. சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய்விட்டாள்.

ஏசியோடு வந்த குறிப்புப் புத்தகத்தை அன்றிலிருந்து பாராயணம் செய்தேன். வண்டி சமமாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே சொட்டும் என்று போட்டிருந்தது. எங்கள் தெருவோ ஒரு பக்கமாகச் சாய்ந்த தெரு. ஒரு பக்கச் சக்கரங்களுக்கு அடியில் செங்கல்லும் பலகையும் கொடுத்து, கட்டில்மேல் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்து, அது எந்தப் பக்கமும் ஓடாத வரைக்கும் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தினேன். கரண்ட் அடுப்பையும் ஏசியையும் ஒன்றாகப் போடக் கூடாது. ஏசியை அணைத்தால் மூன்று நிமிடம் பொறுத்துத்தான் மறுபடி போட வேண்டும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

கரண்டுக்கு எங்கள் முதல் மாடி ஜன்னல் வழியாக ஒரு ஒயரைத் தொங்கவிட்டிருந்தேன். கூப்பிட்டிருந்த எலக்ட்ரீஷியன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், ஒயரு நூலு மாரி கீது? ஏசி போட்டா உருகிப் பூடும்."

அவரே தடிமனான கேபிள் கொண்டுவந்து மாட்டினார். மாட்டியவர் போகவில்லை. வண்டிக்குள் எட்டி எட்டிப் பார்த்தார்.

"கேரவன் நல்லாத்தான் கீது. ஷூட்டிங் எங்க சார்? யாரு வர்றாங்க?"

"ஷூட்டிங் இல்லப்பா. என் வீட்டம்மா தூங்கப் போறாங்க."

"தூங்கற மாரி சீனா?"

"சீன் இல்ல. நெசமாவே தூங்கணும்."

கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் இரண்டு மணி. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அவள் தலையணையோடு வந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏசி நல்ல பிள்ளையாக ஓடியது. நான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் காவல் இருந்தேன்.

அப்போது பார்த்து இரண்டு காலேஜ் பையன்கள் வந்தார்கள். "அங்கிள், உள்ள எந்த ஹீரோ?" என்றான் ஒருவன், குரலை இறக்காமல். நான் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்றேன். அதுதான் தப்பு. உள்ளே இருப்பது பெரிய ஆள் என்று முடிவுகட்டிப் போன் செய்ய ஆரம்பித்தார்கள். பத்து நிமிடத்தில் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, ஏசி சத்தம் நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். வண்டிக்கூரைக்கு நேர்மேலே எங்கள் பால்கனி. எங்களோடு இருக்கும் என் அக்கா அங்கே நின்றிருந்தாள். ஏசியின் தலைமேல் என்னுடைய வெள்ளை வேட்டி. வேட்டிமேல் வரிசை வரிசையாக வடாம்.

"என்னக்கா இது!"

"கத்தாதேடா. என்ன ஜோரா அனல் காத்து வரது தெரியுமா? மொட்டை மாடில ரெண்டு நாள் ஆகும். இங்க அரை மணியில பாதி காஞ்சுடுத்து. சும்மா வீணாப் போற காத்துதானே!"

வெளியே போக வேண்டிய சூட்டை வடாம் போட்டு அடைத்துவிட்டாள். ஏசி மூச்சு முட்டி நின்றுவிட்டது. ஏணி போட்டு ஏறி வேட்டியைச் சுருட்டி அக்காவிடம் நீட்டினேன். கையோடு நாலு வடாம் ஒட்டிக்கொண்டது. மூன்று நிமிடம் பொறுத்து, ரிமோட்டை ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினேன். ம்ஹும். இன்னொரு மூன்று நிமிடம். அதற்கும் அசையவில்லை. "கேஸ் போயிருக்கும் அங்கிள்" என்றான் ஒரு பையன்.

எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அறுபது வயதில் ஒரு வண்டிக்காகத் தெருவில் நின்று அழுவது அசிங்கம்தான். ஆனாலும் வந்தது. மீதி நேரம் முழுக்க, வண்டியை வாங்க வருகிறவனிடம் ஏசியைப் பற்றி என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு, திட்டு வாங்கத் தயாராகக் கதவைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. அவள் நெற்றியெல்லாம் வியர்வை, வாய் லேசாகத் திறந்திருக்க, சன்னமாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். என் தோள்மேலாக எட்டிப் பார்த்த கூட்டம் "ஆன்ட்டிடா" என்று சொல்லிக் கலைந்துபோனது. ஜன்னல்களை ஓசைப்படாமல் திறந்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன்.

நாலேகாலுக்கு எழுந்து வந்தாள். நான் முந்திக்கொண்டு, "ஏசி எப்படி?" என்றேன், ஒன்றுமே தெரியாதவன் போல.

"ஏசியா? அது எப்பவோ நின்னுடுத்தே."

"அப்புறம் எப்படித் தூங்கினே?"

தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே சொன்னாள். "ரெண்டு மணி நேரமா ஒருத்தரும் என்னைக் கூப்பிடலையே."

ஓய்வு பெற்ற நாளிலிருந்து மதியங்களில் நான் எதற்கெல்லாம் அவளைக் கூப்பிட்டேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கண்ணாடி எங்கே, பேப்பர் எங்கே, கீழே யார் பேசுகிறார்கள்.

"எந்த ஊரா இருந்தாலும் வரேன்" என்றாள். "நீங்க முன்னாடி உக்காந்து ஓட்டுங்கோ. நான் பின்னாடி படுத்துக்கறேன்."

தலையணையை இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். எனக்கு அந்த நேரத்துக்குக் காபி வேண்டும். கூப்பிட வாயைத் திறந்தவன், திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன்.